பாட்டு வாத்தியாருக்கு ஒரு பள்ளிக்கூடம்



எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு எங்க வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்க எல்லாருமே ஒரே கேள்வியைத்தான் கேட்டாங்க. அடுத்து என்ன படிக்கப் போற? ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்றேன். எல்லாருக்கும் சந்தோஷம். அரசாங்க வேலை, மாதம் தவறாத சம்பளம், வேறென்ன வேண்டும்? அப்புறம்தான் எந்தப் பாடம் என்று கேட்டார்கள். இசைக் கல்வி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியப்பாதான் வாயைத் திறந்தார். ஏன்பா, கணக்கு, அறிவியல் எதுவும் கிடைக்கலையா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. அவர் லோரி ஓட்டுநர், அதிகம் பேசாத மனிதர். இரவு சாப்பாட்டின்போதுதான் மெதுவாகச் சொன்னார். சின்ன வயதில் அவர் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மேளக்காரர்கள் வருவார்களாம். ராத்திரி முழுக்க வாசிப்பார்களாம். ஊரே கேட்டு ரசிக்குமாம். ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் பெரிய மனிதர்கள் எழுந்த பிறகுதான் அவர்களுக்கு இலை விழுமாம். ரசிக்கும்போது கலைஞன், சாப்பிடும்போது கூலியாள். அந்த வரிசையில என் பிள்ளை நிக்கக்கூடாது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அப்பா சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்று ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் கல்லூரிக்குப் போனேன். அதற்குப் பதில் ஒரு மனிதருடைய வாழ்க்கையில் கிடைத்தது. அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தெரிந்த பாட்டு, தெரியாத மனிதர்

முதலாம் ஆண்டில் எங்கள் விரிவுரையாளர் ஒரு வேலை கொடுத்தார். இசையைப் பள்ளிப் பாடமாக்கிய ஒருவரைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் ஹங்கேரி நாட்டுக் கோடாயை எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் ஜெர்மனிக்காரரான ஓர்ஃப் என்றார்கள். இருவருமே பெரியவர்கள்தான். கோடாய் முறையில் கையைக் காட்டி ஸ்வரம் சொல்லிக்கொடுப்பதை நாங்களும் பயிற்சி செய்கிறோம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கும் நம் பக்கத்தில் இப்படி ஒருவர்கூடவா இல்லை?

நூலகத்தில் தேடியபோது விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் என்ற பெயர் கண்ணில் பட்டது. யாரென்றே எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கம் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. நம் இளைஞர் முகாம்களில் காலை வழிபாட்டில் பாடுகிறோமே, ரகுபதி ராகவ ராஜாராம், இன்று நாம் பாடும் அந்த மெட்டை அமைத்தவர் இவர்தான் என்று சொல்லப்படுகிறது. எத்தனை வருஷமாகக் கைதட்டிப் பாடியிருக்கிறேன்! மெட்டுப் போட்டவர் யார் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

வெடியில் போன பார்வை

பலுஸ்கர் 1872 ஆகஸ்ட் 18-ஆம் தேதி குருந்த்வாட் என்ற சிறிய சமஸ்தானத்தில் பிறந்தார். இன்றைக்கு அது மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. அப்பா திகம்பர் கோபால் கீர்த்தனம் செய்பவர். நம் ஊரில் கதாகாலட்சேபம் என்போமே, அதுபோல இறைவன் கதையைப் பாட்டும் பேச்சுமாகச் சொல்வதுதான் மராட்டியக் கீர்த்தனம். ஆக, பிள்ளை நடக்கப் பழகும்போதே பாட்டைக் கேட்டு வளர்ந்தது.

ஆனாலும் அவர் பாடகராக வேண்டும் என்று வீட்டில் யாரும் திட்டம் போடவில்லை. அவர் சிறுவனாக இருந்தபோது ஒரு திருவிழாவில் வெடித்த பட்டாசு முகத்துக்குப் பக்கத்தில் சிதறியது. கண்கள் கெட்டன. வைத்தியத்துக்காகப் பக்கத்திலிருந்த மிரஜ் நகருக்கு அழைத்துப் போனார்கள். பார்வை முழுசாகத் திரும்பவில்லை. புத்தகத்தை வைத்துப் படிப்பது சிரமம் என்று ஆகிவிட்டது. குரல் நன்றாக இருக்கிறது, காது நன்றாக இருக்கிறது, பையனைப் பாட்டில் விடலாமே என்ற யோசனை அப்போதுதான் வந்தது.

நம் வீடுகளில் இன்றும் இதே கதைதான், இல்லையா? படிப்பு வரலேன்னா பாட்டுக்கு அனுப்பு என்கிறோம். பலுஸ்கர் வாழ்க்கையில் இசை இப்படித்தான் இரண்டாவது வாசல் வழியாக நுழைந்தது. பிறகு அவரே அதை முதல் வாசலாக்கினார்.

குருவுக்கு அழைப்பு இல்லை

மிரஜில் அவருக்கு வாய்த்த குரு பாலகிருஷ்ணபுவா இச்சல்கரஞ்சீகர். குவாலியர் பாணி இசையை மகாராஷ்டிரத்துக்குக் கொண்டுவந்து பரப்பியவர் என்று அவரைப் போற்றுகிறார்கள். அவருடைய குரு வாசுதேவபுவா ஜோஷி. அந்த ஜோஷியின் குரு, குவாலியரின் பெரிய உஸ்தாத் ஹஸ்ஸு கான். ஆக, நாம் முகாமில் ராமனைப் பாடும் மெட்டுக்குப் பின்னால் நிற்கிற குரு பரம்பரையில் ஒரு முஸ்லிம் உஸ்தாதும் இருக்கிறார். பல இனத்தாரோடு சேர்ந்து படிக்கும் எனக்கு இதைத் தெரிந்துகொண்டதில் ஒரு தனி மகிழ்ச்சி.

குருகுல வாழ்க்கை லேசானதல்ல. குரு வீட்டு வேலை செய்ய வேண்டும். குருவுக்கு மனம் வரும்போதுதான் பாடம். எழுதிக்கொடுக்கிற பழக்கம் கிடையாது. கேட்டு, கேட்டு, மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சாதகம் என்றால் விடியலுக்கு முன்னால் தொடங்கி மணிக்கணக்கில். மிரஜ் சமஸ்தானத்து அரசரின் ஆதரவு அவருக்கு இருந்தது. அதனால் சோற்றுக்குக் கவலையில்லை.

அங்கேதான் அந்தச் சம்பவம் நடந்ததாகச் சொல்கிறார்கள். ஊரில் ஒரு விசேஷம். பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் அழைப்புப் போயிருக்கிறது. அரசரின் செல்லப்பிள்ளையாக வளர்ந்த இளைஞன் பலுஸ்கருக்கும் அழைப்பு வந்தது. ஆனால் அவருடைய குருவுக்கு இல்லை. ஏன் என்று கேட்டிருக்கிறார். அவர் வெறும் பாட்டுக்காரர்தானே என்ற பதில் வந்ததாம்.

இதைப் படித்தபோது நூலகத்தில் புத்தகத்தை அப்படியே மூடி வைத்தேன். அப்பா சொன்ன தோட்டத்துப் பந்தி கண் முன்னால் வந்து நின்றது. வேறு ஊர், வேறு மொழி, நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. ஆனால் அதே இலை, அதே வரிசை.

வித்தியாசம் ஒன்றுதான். என் அப்பா அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, நம்ம பிள்ளை அதில் நிற்க வேண்டாம் என்று முடிவு செய்தார். பலுஸ்கர் அந்த வரிசையே இருக்கக்கூடாது என்று முடிவு செய்தார்.

அரண்மனையிலிருந்து வீதிக்கு

1896-இல் குருவின் வீட்டைவிட்டுக் கிளம்பினார். அப்போது அவருக்கு 24 வயது. ஏதாவது ஒரு சமஸ்தானத்தில் ஆஸ்தான வித்துவானாகச் சேர்ந்திருந்தால் நிம்மதியாகக் காலம் ஓடியிருக்கும். அந்தக் காலத்தில் பெரும்பாலான பாடகர்களுக்கு அதுதான் வழி. அவர் அப்படிச் செய்யவில்லை. ஊர் ஊராகப் போனார். பரோடா, சௌராஷ்டிரம், குவாலியர், மதுரா, டெல்லி என்று சுற்றினார். மதுராவில் தங்கி விரஜ மொழி கற்றார். பாடுகிற பாட்டுகளில் பெரும்பாலானவை அந்த மொழியில் இருந்தன. பொருள் தெரியாமல் பாடக்கூடாது என்று நினைத்தார்.

சௌராஷ்டிரத்தில் அவர் செய்த ஒரு காரியம் அன்றைக்குப் புதுசு. டிக்கெட் வைத்து, பொதுமக்களுக்காகக் கச்சேரி செய்தார். இப்போது நமக்கு இது சாதாரணம். கோலாலம்பூரில் கச்சேரி என்றால் முதலில் டிக்கெட் விலையைத்தான் கேட்கிறோம். அன்று சாஸ்திரிய இசை அரண்மனையிலும் செல்வந்தர் வீட்டிலும் கோயிலிலும்தான் இருந்தது. பாடகனுக்குக் கிடைப்பது சன்மானம். கொடுப்பவர் மனசு வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. டிக்கெட் என்பது வேறு. காசு கொடுத்துக் கேட்கும் சாதாரண மனிதனும் ரசிகன். பாடுகிறவனும் யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

கிர்னார் மலையில் ஒரு சாதுவைச் சந்தித்ததாகவும், வடக்கே பஞ்சாபுக்குப் போய் அங்கே உன் பணியைத் தொடங்கு என்று அவர் வழிகாட்டியதாகவும் ஒரு கதை உண்டு. அது எப்படியோ, பலுஸ்கர் லாகூர் போய்ச் சேர்ந்தார்.

1901 மே 5

இன்று பாகிஸ்தானில் இருக்கும் லாகூரில், 1901 மே 5-ஆம் தேதி காந்தர்வ மகாவித்யாலயா என்ற இசைப்பள்ளியைத் தொடங்கினார். அரசர் பணத்தில் அல்ல. பொதுமக்கள் நன்கொடையிலும் தன் கச்சேரி வருமானத்திலும் நடந்த பள்ளி அது. அவருக்கு அந்த ஊரில் உறவில்லை, சொந்த மொழி பேசுபவர்களும் அதிகமில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் பாட்டுப் படிப்பதா என்று மக்கள் தயங்கிய காலம். ஆரம்பத்தில் மாணவர்கள் வரவில்லை என்றும், அவர் காலியான வகுப்பறையில் தம்பூராவை மீட்டித் தனியாகப் பாடிக்கொண்டிருப்பார் என்றும் சொல்கிறார்கள். மெல்ல மெல்லத்தான் கூட்டம் சேர்ந்தது.

ஓர் ஆசிரியப் பயிற்சி மாணவனாக என்னை அசர வைத்தது அவர் பள்ளியை நடத்திய முறைதான். சொல்கிறேன், கேளுங்கள்.

முதலாவது, பாடத்திட்டம். குருவுக்கு மனம் வந்தால் பாடம் என்பது போய், இந்த ஆண்டில் இத்தனை ராகம், இத்தனை பாட்டு, அதற்கப்புறம் தேர்வு என்று வரிசைப்படுத்தினார்.

இரண்டாவது, பாடப்புத்தகம். ஸ்வரத்தை எழுதிக் காட்ட ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார். எந்த ஸ்தாயி, கோமளமா தீவிரமா, எத்தனை மாத்திரை என்பதையெல்லாம் பார்த்ததும் படிக்கும்படி அடையாளங்கள் வைத்தார். பார்வை மங்கிய ஒருவர் மற்றவர் பார்த்துப் படிப்பதற்காக இசையை எழுத்தில் கொண்டுவந்தார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சிறுவர்களுக்காக சங்கீத் பாலப்ரகாஷ், அடுத்த படிக்கு ராகப் பிரவேஷ் என்று வரிசையாக நூல்கள் வெளியிட்டார். பிற்காலத்தில் பாத்கண்டே என்ற இன்னொரு மேதையின் எளிய குறியீட்டு முறைதான் அதிகமாகப் பரவியது. ஆனாலும் குழந்தைக்கென்று தனியாக ஒரு பாட்டுப் புத்தகம் வேண்டும் என்று நினைத்த மனசு பெரிய மனசு.

மூன்றாவது, பெண்கள். குடும்பப் பெண் பாடினால் ஊர் தப்பாகப் பேசும் என்ற காலத்தில் பெண்களுக்கும் வகுப்பு நடத்தினார்.

நான்காவதுதான் எனக்கு முக்கியமானது. உபதேசக் வகுப்பு என்று ஒன்று வைத்தார். இசை ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே ஒரு பிரிவு. அதில் சேரும் பையன்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் இலவசம். பல ஆண்டுகள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். படித்து முடித்தவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதாவது, நான் இன்று படித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் பயிற்சியின் ஒரு வடிவத்தை அவர் நூறு வருஷத்துக்கும் முன்பே நடத்தியிருக்கிறார்.

அந்தப் பையன்களுக்குக் கட்டுப்பாடு ரொம்ப அதிகம். விடியற்காலை எழ வேண்டும், பிரார்த்தனை, உடற்பயிற்சி, சாதகம். போதைப் பழக்கம் அறவே கூடாது. பாடகன் என்றால் ஒழுக்கம் கெட்டவன் என்ற பேச்சை உடைக்க வேண்டுமானால், பாட்டைவிட முதலில் பாடகனின் நடத்தை திருந்த வேண்டும் என்று அவர் நம்பினார். சிருங்காரச் சொற்கள் இருந்த பழைய பாட்டுகளை பக்திப் பாட்டுகளாக மாற்றியதும் அதனால்தான். அதில் நல்ல பழைய சாகித்தியங்கள் சில ஓரம் தள்ளப்பட்டன என்று குறை சொல்பவர்களும் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வீட்டுப் பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பப் பெற்றோருக்குத் தைரியம் வந்ததும் அந்த மாற்றத்தால்தான்.

தான்சேன்களை உருவாக்குவது தன் வேலையில்லை, நல்ல காது உள்ள ரசிகர்களை உருவாக்குவதே தன் வேலை என்பது அவருடைய கொள்கை என்று சொல்வார்கள். பள்ளி இசை ஆசிரியருக்கு இதைவிட நல்ல வழிகாட்டுதல் வேறு இருக்க முடியாது.

ஏலம் போன கட்டடம்

1908-இல் பம்பாயிலும் பள்ளியைத் தொடங்கினார். மாணவர்கள் பெருகினார்கள். பெரிய கட்டடம் எழுந்தது. அச்சகம், வாத்தியங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை என்று பள்ளி ஒரு சின்ன ஊர் மாதிரி ஆனது. காங்கிரஸ் மாநாட்டு மேடைகளில் வந்தே மாதரம் பாடினார். நாடெங்கும் பேர் பரவியது.

ஆனால் கட்டடம் எழுந்தது கடனில். இலவசமாகச் சாப்பாடு போட்டுப் படிக்க வைக்கும் பள்ளிக்கு வருமானம் எங்கே? அவர் ஊர் ஊராகப் போய்ப் பாடி, கிடைத்ததைக் கொண்டுவந்து கொடுத்தார். போதவில்லை. கடைசியில் 1924-இல் கடன்காரர்களுக்காக அந்தக் கட்டடம் ஏலத்தில் போனது.

வீட்டிலும் சோகம்தான். அவருக்குப் பிறந்த பன்னிரண்டு பிள்ளைகளில் ஒரே ஒரு மகன்தான் உயிரோடு நிலைத்தான். எழுதவே கை கூசுகிறது. பதினொரு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு மனிதர், அடுத்த நாள் காலையில் மற்றவர் பிள்ளைகளுக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்திருக்கிறார்.

கடைசிக் காலத்தில் காவி உடுத்தினார். நாசிக்கில் ஆசிரமம் அமைத்து ராமநாமத்திலும் துளசிதாசர் ராமாயணத்திலும் மூழ்கினார். 1931 ஆகஸ்ட் 21-ஆம் தேதி, 59-ஆவது பிறந்தநாள் முடிந்து மூன்றாம் நாள், மிரஜில் கண் மூடினார். எந்த ஊரில் பாட்டுப் படிக்கத் தொடங்கினாரோ அதே ஊர்.

தோற்றுப் போனாரா?

எனக்கும் இந்த இடத்தில் மனசு விட்டுப் போனது. அதே சமயத்தில் எனக்குப் பள்ளிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு முறைதான் இசைப் பாடம். அந்த நேரத்தையும் தேர்வு வருகிறது என்று வேறு பாடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மூன்று வாரம் தொடர்ந்து அப்படி நடந்தது. நாலாவது வாரம், ரிக்கார்டர் குழலைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்ற ஒரு பையன், இன்னைக்காவது பாட்டு இருக்கா சார் என்று கேட்டான். இல்லடா என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். பெரியப்பா சொன்னதுதான் சரியோ என்று தோன்றியது. கணக்கையே எடுத்திருக்கலாம். பாடம் மாற்றிக்கொள்ள விண்ணப்பம் எழுதவும் உட்கார்ந்தேன்.

அன்று ராத்திரி கட்டுரையின் கடைசிப் பகுதியை முடிக்க வேண்டியிருந்தது. பலுஸ்கர் மறைந்த பிறகு என்ன நடந்தது என்பதைப் பட்டியல் போட்டேன்.

அவர் மறைந்த அதே 1931-இல் மாணவர்கள் ஒன்றுசேர்ந்து காந்தர்வ மகாவித்யாலயா மண்டல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இன்றும் அது இசைத் தேர்வுகள் நடத்துகிறது. விநாயகராவ் பட்வர்தன் 1932-இல் பூனாவில் பள்ளி திறந்தார். பி. ஆர். தேவ்தர் பம்பாயில் இசைப்பள்ளி நடத்தினார். ஓம்கார்நாத் தாக்கூர், இருபது வயதுகூட ஆகாத பருவத்தில் லாகூர்ப் பள்ளிக்குத் தலைமை ஏற்றவர், பின்னாளில் காசி இந்து பல்கலைக்கழகத்தில் இசைக் கல்லூரியை வளர்த்தார். நாராயண் மோரேஷ்வர் கரே, காந்தியடிகளின் சபர்மதி ஆசிரமத்துக்குப் போய்ப் பிரார்த்தனைப் பாடல்களை ஒழுங்குபடுத்தினார். 1930-இல் தண்டி யாத்திரையில் காந்தியோடு நடந்தவர்களில் அவரும் ஒருவர்.

உயிரோடு மிஞ்சிய அந்த ஒரே மகன்? அப்பா போனபோது அவனுக்கு வயது பத்து. அப்பாவின் மாணவர்களே அவனுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வளர்த்தார்கள். அவர்தான் டி. வி. பலுஸ்கர். 1952-இல் வந்த பைஜு பாவ்ரா என்ற இந்திப் படத்தில் உஸ்தாத் அமீர் கானோடு சேர்ந்து அவர் பாடிய போட்டிப் பாட்டை இன்றும் கேட்கலாம். அவரும் 34 வயதிலேயே 1955-இல் மறைந்துவிட்டார். ஆனால் பாடிய பாட்டு இருக்கிறது.

பட்டியலைத் திரும்பப் படித்தேன். கட்டடம் ஏலம் போனது. ஆனால் அந்தக் கட்டடத்தில் படித்த பையன்களை யாராலும் ஏலம் போட முடியவில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பள்ளிக்கூடமாகிவிட்டார்கள். பாடகனாக மட்டும் இருந்திருந்தால், ஒலிப்பதிவு அதிகம் இல்லாத அந்தக் காலத்தில் அவர் குரலோடு எல்லாம் போயிருக்கும். ஆசிரியராக இருந்ததால்தான் தங்கியது.

விண்ணப்பத்தை மடித்து மேசைக்குள் வைத்தேன். கிழிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் கொடுக்கவும் இல்லை. மறுநாள் தலைமையாசிரியரைப் பார்த்து, பள்ளி முடிந்த பிறகு அரை மணி நேரம் தாருங்கள், இசையை நான் அப்போது நடத்திக்கொள்கிறேன் என்று கேட்டேன். வாரம் ஒரு நாள் கொடுத்தார். முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள். அந்தப் பையன் குழலோடு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தான். காலியான வகுப்பறையில் தனியாகப் பாடியவரோடு ஒப்பிட்டால் ஏழு பேர் பெரிய கூட்டம்.

அப்பாவுக்கும் சொன்னேன்

பள்ளி விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் பலுஸ்கர் கதையைச் சொன்னேன். குருவுக்கு அழைப்பு இல்லாமல் போன இடத்தில் அவர் தலையை ஆட்டினார். கட்டடம் ஏலம் போன இடத்தில், கடன் வாங்கியிருக்கக் கூடாது என்றார். லோரிக்குத் தவணை கட்டியவர் அல்லவா! அவர் சொன்னதும் சரிதான். நல்ல நோக்கம் இருந்தால் மட்டும் போதாது, கணக்கும் பார்க்க வேண்டும். நம் இயக்கக் கிளைகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

கதை முடிந்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த சனிக்கிழமை, கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் தேவார வகுப்புக்கு ஹார்மோனியத்தை எடுத்துப் போக வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளில் எப்படிக் கொண்டு போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பெட்டியைத் தூக்கி லோரியில் வைத்தார். ஏறு, நேரமாச்சு என்றார். வகுப்பு முடிகிற வரைக்கும் வெளியே வாசலில் உட்கார்ந்திருந்தார். அன்று பிள்ளைகளுக்குப் பிரசாதமாகச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். கோயில் தலைவர் முதல் தட்டை என் கையில் கொடுத்தார். அதை அப்பா பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

தம்பி தங்கைகளே, உங்களில் யாருக்காவது பாட்டு வந்தால், அல்லது ஒரு வாத்தியம் வந்தால், மேடை கிடைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்துக் கோயிலில் ஐந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். தெரிந்த ஒரு பதிகத்தைச் சொல்லிக்கொடுங்கள். பொருளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். இசைக் கல்வி படிக்க ஆசை இருந்து, வீட்டில் எதிர்ப்பு இருந்தால், சண்டை போடாதீர்கள். அவர்கள் எந்த வரிசையைப் பார்த்துப் பயந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். அந்த வரிசையை மாற்றுவதுதான் நம் வேலை.

இந்தியா 1973-இல் பலுஸ்கருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. நாம் அவ்வளவு பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். அடுத்த முகாமில் காலையில் ரகுபதி ராகவ பாடும்போது, மெட்டுப் போட்ட அந்தப் பாட்டு வாத்தியாரை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டால் போதும்.